பிளெக்ஸ் அண்ணன் கட்டிய பேனர்கள்

காஞ்சிபுரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறவர்களில் பாதிப்பேருக்குக் கொழுப்பும் காரணமில்லை, சர்க்கரையும் காரணமில்லை. பிளெக்ஸ் அண்ணன்தான் காரணம். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார். அந்த மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரும் அவர் அடித்ததாகத்தான் இருக்கும்.

பேனர் அடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யாராவது போய்ச் சொன்னால் அடித்துக் கொடுப்பார்கள். எங்கள் அண்ணனிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் படித்துத் தேறியவர் யாருக்காவது ஏதாவது நல்லது நடந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும். மறுநாள் காலையில் சம்பந்தப்பட்டவர் பால் வாங்கப் போகும்போது தெருமுனையில் தன் முகத்தையே தன்னைவிடப் பெரிதாகப் பார்ப்பார். பால் கொட்டிவிடும்.

அவர் எங்கள் வகுப்பில்தான் படித்தார். பி.ஏ. வரலாறு. பள்ளிக்கூடம் முடித்து இரண்டு வருஷம் வீட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் கல்லூரிக்கு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். பட்டம் வாங்கியதும் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தார். பிளெக்ஸ் மிஷின் வந்ததும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கடை போட்டார். அவர் அடிக்கும் பேனரை ஊரில் யாரும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். முகூர்த்தப் பட்டு மாதிரி நாலு பக்கமும் அகலக் கரை, கரை முழுக்க மயிலும் அன்னமும். நடுவில் முகம், தலைக்கு மேலே, “எங்கள் கல்லூரியின் பெருமையே!”

பெருமை என்றால் எந்த அளவுக்கு என்று ஒருமுறை கேட்டேன். கலெக்டர், டைரக்டர், விஞ்ஞானி என்று ஒரு வரம்பு வேண்டாமா?

“பாஸ் பண்ணிக்கினு வெளிய வந்தவங்க எல்லாருமே பெரிய ஆளுங்கதான்மா. உள்ள இருந்தப்ப நம்மளுக்கு எவன் வணக்கம் வெச்சான்?” என்றார்.

இந்தக் கொள்கையால் பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம். சின்ன காஞ்சிபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர் கதையைச் சொல்கிறேன். பி.காமில் அவருக்கு ஒரு பேப்பர் மட்டும் வருஷக்கணக்கில் தேறவே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருவழியாக எழுதித் தேறிவிட்டார். அந்தச் சந்தோஷத்தை அண்ணனிடம் மட்டும் சொன்னார். மறுநாள் கடைக்கு எதிரே பேனர் நின்றது. “விடாமுயற்சியால் அரியரை வென்று இன்று பட்டதாரியான எங்கள் கல்லூரியின் பெருமையே!” அவருடைய கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே பி.காம். போட்டிருந்தது என்பது அண்ணனுக்குத் தெரியாது. மாமனாருக்குத் தெரியும். அவர் கடைவாசலில் நின்று பேனரை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

இன்னொருவர் ஏதோ நிலத்தகராறில் உள்ளே போய் ஜாமீனில் வந்தார். வீட்டுக்காரர்கள், பையன் பெங்களூரில் வேலையாக இருந்தான் என்று சுற்றம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். அண்ணன் பேனரில் பூங்கொத்து படம் போட்டு, “ஜாமீனில் வெளிவந்த எங்கள் கல்லூரியின் பெருமையே, வருக!” என்று வரவேற்றுவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்.

என் கதை வேறு. நான் செவிலிமேட்டில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூட வாசலிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன், பிளெக்ஸில். என்னிடம் போட்டோ கேட்காமல், கல்லூரிச் சுற்றுலாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். வெட்டும்போது என் தோள்மேல் கிடந்த ஒரு கையை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கையில் ஆண்கள் கட்டும் பட்டைக் கைக்கடிகாரம். என் கணவர் அதிகம் பேசாதவர். அன்று சாப்பிட உட்கார்ந்ததும், “அந்தக் கை யாருது?” என்று மட்டும் கேட்டார். அது என் தோழி வசந்தாவின் கை, கடிகாரம் அவள் அப்பாவுடையது. வசந்தாவை அரக்கோணத்திலிருந்து வீடியோ காலில் வரவழைத்து அவள் வாயாலேயே அதைச் சொல்லவைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு இறங்கியது.

இந்த அதிர்ச்சிகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட ஒன்று போன வருஷம் நடந்தது.

எங்கள் வகுப்பில் சாந்தி என்று ஒருத்தி. ஐயம்பேட்டைப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்க வைத்தார்கள். பட்டம் வாங்கி, சட்டம் படித்து, வக்கீலாகி, இப்போது தெற்கே ஒரு மாவட்டத்தில் நீதிபதி. கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஒவ்வொரு வருஷமும் அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடும். ஒவ்வொரு வருஷமும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். உண்மைக் காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மேடையில் உட்கார்ந்து தன் புகழைத் தானே கேட்பது அவளுக்கு ஆகாது.

போன வருஷம் எப்படியோ சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. ரோட்டில் பேனர் கூடாது. அனுமதி இல்லாமல் வைக்கிற பேனர்களைப் பற்றி அவள் கோர்ட்டிலேயே பலமுறை கடுமையாகப் பேசியவள். சங்கத்தின் செயலாளர், ரிட்டயர்டான பேராசிரியர், பிளெக்ஸ் அண்ணனை வீட்டுக்கே வரவழைத்து இதைச் சொன்னார். மேடைக்குப் பின்னால் ஒன்றே ஒன்று, அதுவும் ஹாலுக்கு உள்ளே. அண்ணனும் தலையாட்டிவிட்டுப் போனார்.

விழாவுக்கு முந்தைய நாள். ஏற்பாடுகளைப் பேசுவதற்காக நான் பேராசிரியர் வீட்டில் இருந்தேன். சாந்தி ராத்திரி ரயிலில் கிளம்பி அன்று காலை தாம்பரத்தில் இறங்கி, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அங்கிருந்து காரில் வருவதாக ஏற்பாடு. பேராசிரியர் அதைச் சொல்ல அண்ணனுக்குப் போன் போட்டார். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

“சாந்தி மேடம் காலையிலேயே போய்ச் சேர்ந்துட்டாங்கப்பா” என்றார். அந்தப் பக்கம் எப்படி என்று கேட்டார் போலிருக்கிறது. “ரயில்லதான். கஷ்டம் ஒண்ணும் இல்லையாம். ராத்திரி படுத்தவங்கதான், தூக்கத்துலயே எல்லாம் முடிஞ்சுடுச்சாம். அவங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார். நாளைக்குப் பத்து மணிக்குக் காலேஜுக்குக் கொண்டுவந்துடுவாங்க. மாலைக்கு நான் சொல்லிட்டேன், நீ உன் வேலையைப் பாரு.” அப்புறம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, “என்னப்பா, மூக்கை உறிஞ்சற? சளியா? உடம்பைப் பார்த்துக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. பேராசிரியருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் பிளெக்ஸ் அண்ணன் மிஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டதும், போனை அணைத்துப் போட்டதும், கடை ஷட்டரை இறக்கியதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே போகிறேன் என்று கேட்டார். கல்லூரியில் விழா, நீதிபதி சாந்தி வருகிறார் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, “பாவம், சேதி தெரியாம சீவி சிங்காரிச்சுக்கினு வந்துகீறாங்க” என்றார்.

என்ன சேதி என்று கேட்பதற்குள் ஆட்டோ கல்லூரிப் பக்கம் திரும்பிவிட்டது.

கேட்டுக்கு வெளியே, ரோட்டை ஒட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு சாந்தி. இந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, அந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு. மேலே கறுப்பில் “கண்ணீர் அஞ்சலி.” நேற்று ராத்திரிகூட என்னோடு பேசினாளே! உடனே அவள் நம்பருக்குப் போட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். “சுங்குவார்சத்திரம் தாண்டிட்டோம்டி. என்ன?”

நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டேன். ஏன் ஒரு மாதிரி பேசற என்றாள். ஒன்றும் இல்லை, மெதுவாகவே வா, டிரைவரை வழியில் டிபன் சாப்பிடச் சொல் என்று சொல்லி வைத்தேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்கிற நிம்மதி வந்து உட்காருவதற்குள், அவள் உயிரோடு வந்துகொண்டிருக்கிறாள் என்கிற பயம் வந்துவிட்டது.

கேட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. மாணவிகள் சிலர் எங்கிருந்தோ கறுப்புத் துணி கிழித்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசை டீக்கடை பாதி ஷட்டரோடு நின்றது. இந்த நேரம் பார்த்துப் பேராசிரியர், ஆள் உயர ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். பேராசிரியர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாலையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

பேனரை இறக்கப் பார்த்தோம். சவுக்குக் கம்பில் கயிறு கட்டியவர் தறியில் இழை முடிந்து பழகியவர். ஒரு முடிச்சும் அசையவில்லை. யாரிடமும் கத்தி இல்லை. சாந்திக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த பொன்னாடையால் மூடிப் பார்த்தோம். அது நெற்றியை மட்டும் மறைத்தது. அதற்குள் கார் வந்துவிட்டது.

சாந்தி இறங்கினாள்.

கேட்டோரம் பூக்கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண் மெல்ல எழுந்து கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கறுப்புத் துணி குத்திய மாணவிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மாலையும் கையுமாக நான் நின்றேன். அதைக் கழுத்தில் போடுவதா, கீழே வைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. சாந்தி என்னைக் கடந்து நேராகப் பேனரிடம் போனாள். பொன்னாடையின் தொங்கிய முனையைப் பிடித்து அவளே கீழே இழுத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீர்ப்பு படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

பதற்றத்தில் எங்களில் யாரும் கீழே இருந்த எழுத்தைப் படித்திருக்கவில்லை. அவளோடு சேர்ந்துதான் நானும் படித்தேன். மயில் இல்லை, அன்னம் இல்லை. கல்லூரியின் பெருமையே என்பதுகூட இல்லை.

“சாந்தி, எனக்கு டி.சி. கொடுத்து அனுப்ப இருந்த அன்று பிரின்சிபால் ரூமில் எனக்காகப் பேசினாய். நீ ஜெயித்த முதல் கேஸ் நான்தான். நன்றி சொல்ல இத்தனை வருஷமும் எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாய். இனிமேல் உட்கார். சாந்தியின் ஆத்மா சாந்தி அடையட்டும்.”

எனக்கு அந்த டி.சி. விவகாரம் ஞாபகம் வந்தது. இரண்டாம் வருஷம். கல்லூரிச் சுவரில் அண்ணன் யாரையோ பாராட்டிக் கரியால் எழுதிவிட்டார். பிரின்சிபால் அவரை வெளியே அனுப்பியே தீருவது என்று நின்றார். நாங்களெல்லாம் வராந்தாவில் தூணோடு தூணாக ஒண்டிக்கொண்டிருந்தோம். யாரிடமும் சத்தமாகப் பேசியறியாத சாந்தி உள்ளே போனாள். திட்டி எழுதியவனுக்கும் பாராட்டி எழுதியவனுக்கும் ஒரே தண்டனையா சார் என்று கேட்டாள். பிரின்சிபால் அண்ணனைச் சுவரைக் கழுவச் சொல்லி விட்டுவிட்டார்.

அவள் கண்ணாடியைக் கழற்றும்போது பிளெக்ஸ் அண்ணனின் மொபெட் வந்தது. வேட்டி, சவரம் செய்யாத முகம், தோளில் சம்பங்கி மாலை, சட்டைப் பையில் கற்பூரப் பாக்கெட். பேனர் முன்னால் நிற்பவளைப் பார்த்தார். வண்டியை நிறுத்த மறந்துவிட்டார். அது அவரை விட்டுவிட்டுத் தனியே போய்ப் பூக்கூடையில் இடித்துச் சாய்ந்தது. அவர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அங்கேயே நின்றார். கடைசியில் ஒருவழியாக, “நீ ஏம்மா இங்க நின்னுக்கினு இருக்கே?” என்றார்.

சாந்தி கேட்ட முதல் கேள்வி: “பர்மிஷன் வாங்கினீங்களாண்ணே?”

“இல்லம்மா. துக்கத்துல தோணல.”

“அவுருங்க.”

அவர் ஏறினார். நாங்கள் இத்தனை பேர் மல்லுக்கட்டிய முடிச்சுகள் அவர் விரல் பட்டதும் நழுவின. இறக்கிய பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

“நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு சார் சொன்னாரும்மா.”

“தாம்பரத்துக்குண்ணே” என்றாள் சாந்தி.

மொத்தக் கூட்டமும் பேராசிரியர் பக்கம் திரும்பியது. தரையிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

அவள் காரில் ஏறித் திரும்பிப் போய்விடுவாள் என்றே நான் நினைத்தேன். அண்ணன் மேல் கேஸ் வரும் என்று பேராசிரியர் நினைத்தார். அவள் விறுவிறுவென்று ஹாலுக்குள் நடந்தாள். மேடையில் பின்புலமாக ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான், அண்ணன் அந்தப் பேனரை அடிக்கவே இல்லையே. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பேசினாள். தன் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே ஒருத்தர் எழுதி வைத்திருந்த சம்பவம் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது, என்றாள். அன்று அந்த ரூமுக்குள் போகும்போது காலெல்லாம் உதறியது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது, வக்கீலாகலாம் என்று அன்றைக்கு ராத்திரிதான் முதன்முதலில் தோன்றியது, அது எதனால் என்பதையே மறந்துவிட்டேன், என்றாள். அதோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையால் துடைத்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது பேனரைக் கேட்டாள். அண்ணன் பதறிவிட்டார். அது அபசகுனம்மா, நான் கொளுத்திடறேன் என்றார். “இன்னொரு நாள் வேணும் இல்லண்ணே, அப்ப திரும்ப அடிக்க வேணாம். உத்தரவுன்னு வெச்சுக்குங்க” என்று சொல்லி, காரின் டிக்கியில் தானே மடித்து வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்துவதற்கு முன் அவர் கையைப் பிடித்து, இனி ரோட்டில் பேனரே வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் அந்தச் சத்தியத்தை மீறவில்லை. கடையில் இப்போது காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பதோடு சரி. ஊர் நிம்மதியாகப் பால் வாங்குகிறது. ஆனால் அன்றைக்கு அவருக்கு விழுந்த அடி வேறு விதத்தில் வெளிவந்துவிட்டது. எங்கள் வகுப்பைச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதோ கெட்டதோ எந்தச் செய்தி வந்தாலும் அவர் நம்புவதில்லை. நேரில் போய்க் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ, டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று போட்டிருக்கிறார்கள். விடிந்தும் விடியாமல் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் பிளெக்ஸ் அண்ணன், மழையில் தொப்பலாக நனைந்து நின்றார். பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேடு வரைக்கும் அந்த மழையில் மொபெட்டில் வந்திருக்கிறார். உள்ளே வாங்க, தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள், காபி போடுகிறேன் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

“இருக்கறே. சரி, போய்ப் படும்மா” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

என் கணவர் உள்ளேயிருந்து, யார் என்று கேட்டார். சாரல் உள்ளே அடித்ததையும் பாராமல், அந்த மனிதர் ரோட்டு வளைவில் பத்திரமாகத் திரும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன்.